உருளைக்கிழங்கு எந்தச் செடியில் காய்க்கிறது?

பாட்டி உருளைக்கிழங்கு கொண்டுவரச் சொல்கிறாள். பேரன் தோட்டத்துக்கு ஓடுகிறான். மற்ற காய்களெல்லாம் கண்ணுக்கு எதிரே தொங்குகின்றன. உருளைக்கிழங்கை மட்டும் காணோம். எங்கே தேடியும் இல்லை. கூட வந்த நாய் காலால் மண்ணைப் பறண்டுகிறது. கிழங்கு வெளியே வருகிறது. கதை அவ்வளவுதான்.

‘ஆலூ மாலூ காலூ’ என்ற இந்தப் படக்கதையை எழுதியவர் வினிதா கிருஷ்ணா. படங்கள் சுவிதா மிஸ்திரி. வெளியிட்டது பிரதம் புக்ஸ். ஆலூ என்றால் உருளைக்கிழங்கு, மாலூ பையன், காலூ நாய். இந்தியில் மூன்று பெயரும் கைகோத்துக்கொண்டு ஓடும். தமிழில் ‘உருளைக்கிழங்கு’ நடுவில் வந்து உட்கார்ந்ததும் அந்த ஓட்டம் தடுக்கிவிடும். ஆனால் கதையின் முடிச்சுக்கு எந்த மொழியிலும் சேதமில்லை. காய் எங்கே என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

பெரியவர்களுக்கு இது சின்னச் சிரிப்பு. திருவொற்றியூர் தேரடிப் பக்கமோ ராயபுரத்துச் சந்துகளிலோ வளரும் நாலு வயதுப் பிள்ளைக்கு இது புதுச் செய்தி. அந்தப் பிள்ளை உருளைக்கிழங்கைப் பார்த்திருப்பது கடைக்காரரின் கோணிப்பையில், தராசுத் தட்டில், வீட்டுப் பொரியலில். கிழங்கு கோணிப்பையிலிருந்து வருகிறது என்று அது சொன்னால் அறியாமை என்று சிரிக்க வேண்டியதில்லை. கண்ணால் கண்டதை வைத்துச் சரியாகத்தான் முடிவு கட்டியிருக்கிறது. வடசென்னைக்கும் காய்கறிக்கும் உள்ள உறவே மூட்டை வழி வந்த உறவு. 1996-இல் கோயம்பேட்டுக்கு இடம் மாறும்வரை நகரத்தின் மொத்தக் காய்கறி வியாபாரம் ஜார்ஜ் டவுனின் கொத்தவால்சாவடியில்தான் நடந்தது. காய் லாரியில் வரும்; பாத்தி லாரியில் வராது.

மீன் என்றால் கதை வேறு. காசிமேட்டுப் பிள்ளைகள் வஞ்சிரம், சங்கரா, நெத்திலி, காரப்பொடி என்று பார்த்ததும் பெயர் சொல்லும். அதே பிள்ளையிடம் தெருவோரம் நிற்கும் நான்கு செடிகளைக் காட்டினால் நான்கும் ‘செடி’தான். இது வடசென்னையின் குறை இல்லை. அமெரிக்கத் தாவரவியல் ஆசிரியர்களான வாண்டர்சீ, ஷுஸ்லர் இருவரும் 1990-களின் கடைசியில் இதற்கு ‘தாவரக் குருடு’ என்றே பெயர் வைத்தார்கள். விலங்கைப் பார்க்கிற கண் செடியைக் கடந்து போய்விடுகிறது. செடி ஓடுவதில்லை, கத்துவதில்லை, பச்சைப் பின்னணியில் பச்சையாகவே நிற்கிறது. பழகிய கைதான் அதைப் பிரித்துக் காட்ட முடியும்.

படக்கதை இதற்கு நல்ல கருவி. ஆனால் படித்துக் காட்டி மூடிவைத்துவிட்டால் பாதி வேலைதான் முடிந்திருக்கும்.

படம் என்பது பொருள் அல்ல, பொருளைக் குறிக்கிற ஒன்று என்பதே குழந்தை கற்றுக்கொள்ள வேண்டிய பாடம். உளவியலாளர் ஜூடி டெலோச்சும் குழுவினரும் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பது மாதக் குழந்தைகள் புத்தகத்தில் உள்ள பொம்மைப் படத்தை விரலால் பிறாண்டி எடுக்கப் பார்த்தன. அமெரிக்கக் குழந்தைகளும் அப்படித்தான், படப்புத்தகமே பார்த்திராத ஐவரி கோஸ்ட் கிராமத்துக் குழந்தைகளும் அப்படித்தான். ஒன்றரை வயது தாண்டும்போது பிறாண்டல் நின்று, சுட்டிக் காட்டல் வருகிறது. அதன் பிறகும், படத்தில் கற்றதை நிஜப் பொருளில் அடையாளம் காண்பது தானாக வந்துவிடுவதில்லை. 2008-இல் பாட்ரிசியா கானியா, டெலோச் முதலியோர் ஒன்றரை வயதையொட்டிய பிள்ளைகளிடம் சோதித்தபோது, புகைப்படம் அல்லது உள்ளபடி வரைந்த படம் இருந்த புத்தகத்திலிருந்து பெயரை எளிதாக நிஜத்துக்குக் கொண்டுவந்தார்கள்; கார்ட்டூன் படத்திலிருந்து அவ்வளவு எளிதாக வரவில்லை. கண், மூக்கு, மீசை வைத்த கத்தரிக்காய் பிள்ளையைச் சிரிக்க வைக்கும். கத்தரிக்காயைக் காட்டித் தருவதில் அது கொஞ்சம் சோம்பேறி.

அதனால் புத்தகத்தின் பக்கத்தில் ஒரு நிஜ உருளைக்கிழங்கு இருக்க வேண்டும். மண் ஒட்டியதாக இருந்தால் இன்னும் நல்லது.

எப்படிப் படிப்பது என்பதற்கும் ஆய்வு இருக்கிறது. நியூயார்க் மாநிலத்தின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில் குரோவர் ஒயிட்ஹர்ஸ்ட் குழுவினர் 1988-இல் ஒரு முறையை முன்வைத்தார்கள். பெரியவர் வாசிக்க, குழந்தை கேட்பது என்ற வழக்கத்தைக் கொஞ்சம் புரட்டிப் போட வேண்டும். குழந்தை கதை சொல்லும். பெரியவர் கேட்பார், கேள்வி போடுவார், குழந்தை சொன்னதை ஒரு சொல் கூட்டித் திருப்பித் தருவார். ஒரே மாதம் இப்படிப் படித்த இரண்டு, மூன்று வயதுப் பிள்ளைகள், வழக்கம்போல் படித்தவர்களைவிடப் பேச்சில் பல மாதங்கள் முன்னே போயிருந்தார்கள். அது வசதியுள்ள வீடுகளில் நடந்தது. மெக்சிகோவில் ஏழைக் குடும்பங்களின் இரண்டு வயதுப் பிள்ளைகள் இருந்த ஒரு பகல்நேரக் காப்பகத்தில் 1992-இல் திரும்பச் செய்து பார்த்தபோதும் பலன் வந்தது. நம் அங்கன்வாடிக்கு நெருக்கமானது இந்த இரண்டாவது சோதனைதான்.

மாலூ தோட்டத்தில் நிற்கும் பக்கத்தில் பேச்சு இப்படிப் போகக்கூடும்:

“மாலூ எங்க பாக்கறான்?”

“மேல.”

“மேல இருக்கா?”

“இல்ல டீச்சர்.”

“அப்போ எங்க கீது?”

“ஆயா கூடையில!”

இதில் தப்பு ஒன்றும் இல்லை. “கூடையில இருக்கு, சரி. கூடைக்கு எங்கேருந்து வந்துச்சு?” என்று அடுத்த கேள்வியைப் போட்டுவிட்டு, பக்கத்தைப் புரட்டாமல் நிறுத்த வேண்டும். நாய் தோண்டும் பக்கம் வருவதற்கு முந்தைய அந்த இடைவெளியில்தான் கதையின் அறிவியல் முழுவதும் இருக்கிறது. பிள்ளைகள் ஊகிக்கட்டும். மரத்தில் என்று ஒன்று சொல்லும், கடையில் என்று ஒன்று சொல்லும், பிரிட்ஜில் என்றும் ஒரு குரல் வரும். ஊகம் சொன்ன பிள்ளைதான் விடையை உன்னிப்பாகப் பார்க்கும்.

மறுநாளும் அதே புத்தகம்தான் வேண்டும் என்று கேட்டால் அலுத்துக்கொள்ளக் கூடாது. இங்கிலாந்தின் சஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜெசிகா ஹார்ஸ்ட் குழுவினர் 2011-இல் கண்டது இது: புதுச் சொற்களை வெவ்வேறு கதைகளில் கேட்ட மூன்று வயதுப் பிள்ளைகளைவிட, ஒரே கதையில் திரும்பத் திரும்பக் கேட்டவர்கள் அதிகச் சொற்களைப் பிடித்துவைத்திருந்தார்கள்.

அடுத்தது தோண்டல். ஒரு பழைய பிளாஸ்டிக் டப்பில் மணலை நிரப்பி உருளைக்கிழங்கு, கேரட், முள்ளங்கி, வேர்க்கடலை, இஞ்சி, வெங்காயம் எல்லாவற்றையும் புதைத்துவிட்டால் பிள்ளைகள் காலூ ஆகிவிடும். எடுத்ததை ஈரத் துணியில் துடைத்து வரிசையாக வைக்கலாம். கண்ணைக் கட்டிக்கொண்டு தொட்டுப் பெயர் சொல்லலாம், முகர்ந்தும் சொல்லலாம். இஞ்சியில் யாரும் தோற்பதில்லை.

இந்த வரிசையைப் பார்க்கும் பெரியவர்களுக்கும் ஒரு செய்தி உண்டு. மண்ணுக்குள் இருப்பதெல்லாம் வேர் அல்ல. கேரட்டும் முள்ளங்கியும் வேர். உருளைக்கிழங்கும் இஞ்சியும் தண்டு; மண்ணுக்குள் வாழ்க்கை நடத்துகிற தண்டு. வெங்காயம் உணவைச் சேர்த்துவைத்துத் தடித்துப்போன இலையடிகளின் அடுக்கு. வேர்க்கடலையோ பெயரிலேயே பொய் சொல்கிறது: அது வேர் இல்லை, காய். செடியில் மஞ்சள் பூ மண்ணுக்கு மேலே பூக்கிறது. பூ வாடியதும் அதன் அடியிலிருந்து ஒரு காம்பு கீழ்நோக்கி நீண்டு மண்ணைத் துளைத்துக்கொண்டு போய், உள்ளே காயாகிறது. இதையெல்லாம் நாலு வயதுப் பிள்ளையிடம் பாடமாக ஒப்பிக்கத் தேவையில்லை. ஆனால் சொல்லிக் கொடுக்கிறவருக்குத் தெரிந்திருந்தால், கிழங்கை எங்கே தொட்டுக் காட்ட வேண்டும் என்று தெரியும்.

தொட்டுக் காட்ட வேண்டிய இடம் கண். உருளைக்கிழங்கைக் கையில் வைத்து மெதுவாகச் சுற்றிப் பார்த்தால் சின்னச் சின்னப் பள்ளங்கள் தெரியும். ஒவ்வொரு பள்ளத்துக்கும் மேலே புருவம்போல் ஒரு கோடு. அது உதிர்ந்த செதில் இலையின் தழும்பு. பள்ளத்துக்குள் இருப்பது மொட்டு. கண்கள் கண்டபடி சிதறிக் கிடப்பதில்லை. கிளையில் இலைகள் அமைவதுபோல் சுருள் வரிசையில் ஒரு நுனியை நோக்கிப் போகின்றன, நுனியில் நெருக்கமாக. கிழங்கு தண்டுதான் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. பிள்ளைகள் கண்களை எண்ணலாம், ஸ்கெட்ச் பேனாவால் வட்டம் போடலாம். வட்டங்களை நூலால் சேர்த்தால் சுருள் தெரியும்.

கூடையில் மறந்துபோன கிழங்கு ஒன்று முளைவிட்டிருந்தால் அது கிடைத்தற்கரிய பாடப்பொருள். ஒன்றை இருட்டு அலமாரியில் வைத்து, இன்னொன்றை ஜன்னலோரம் வைத்து இரண்டு வாரம் பார்க்கலாம். இருட்டில் இருந்தது நீண்டு, வெளுத்து, ஒல்லியாகத் தேடிக்கொண்டு வரும். வெளிச்சத்தில் இருந்தது குட்டையாக, பச்சையோ ஊதாவோ பூசிக்கொண்டு நிற்கும். கோயில் முளைப்பாரி பார்த்து வளர்ந்த பாட்டிமாருக்கு இது புதிதில்லை. இருட்டறையில் வளர்த்த முளைப்பாரி மஞ்சளாய் நெடுநெடுவென்று ஏன் நிற்கிறது என்பதற்கும் இதுவே காரணம்: வெளிச்சம் கிடைக்கும்வரை செடி பச்சையம் செய்வதில் செலவழிக்காமல் நீளத்திலேயே முதலைப் போடுகிறது. ஓட்டை போட்ட செருப்புப் பெட்டிக்குள் கிழங்கை வைத்தால் முளை வளைந்து வந்து ஓட்டையில் தலை நீட்டும். செடியின் நுனிதான் வெளிச்சத்தை உணர்கிறது என்று சார்லஸ் டார்வினும் மகன் பிரான்சிஸும் 1880-இல் எழுதினார்கள். ஓர் எச்சரிக்கை: பச்சை பாய்ந்த கிழங்கிலும் முளையிலும் சோலனின் என்ற நஞ்சு கூடியிருக்கும். பார்த்து முடித்தபின் அது குப்பைக்குத்தான் போக வேண்டும், குழம்புக்குப் போகக் கூடாது.

அந்தக் கிழங்கை நட்டால் மாலூவின் தோட்டம் கிடைத்துவிடுமா என்றால், எண்ணூரில் கிடைக்காது. இலை வரும், தழை வரும். கிழங்கு பிடிக்கக் குளிர்ந்த இரவு வேண்டும்; இரவு வெப்பம் 20 டிகிரிக்கு மேலே போகப் போகக் கிழங்கு பிடிப்பது குறைந்துகொண்டே போகும். தமிழ்நாட்டில் உருளைக்கிழங்கு நீலகிரியிலும் கொடைக்கானல் மலையிலும் விளைவது அதனால்தான். சென்னைக் கடற்கரைக்கு ஏற்ற கதாநாயகன் சர்க்கரைவள்ளி. அதைவிட நெருக்கமானது பனங்கிழங்கு. மீஞ்சூர், பொன்னேரிப் பக்கம் பனை உண்டு. பொங்கல் சமயத்தில் பனங்கிழங்குக் கட்டு தெருவுக்கு வரும். பனங்கொட்டையை மண்ணில் போட்டால் முதல் முளை மேலே வராது; கீழே இறங்கும். இறங்கிய இடத்தில் உருவாவதுதான் கிழங்கு. கிழங்கு திரண்டு வரும்போது கொட்டையை வெட்டினால் உள்ளே இனிப்பான தவுண் இருக்கும். கையால் தோண்டி, வேகவைத்து, நாரை உரித்துத் தின்கிற இந்தப் பாடத்துக்கு இணையான படக்கதையைத் தமிழில் யாராவது வரைய வேண்டும்.

புத்தகத்தில் காலம் இல்லை. இதுதான் படக்கதையின் வசதி, குறையும் அதுவே. ஒரு பக்கத்தில் விதை, அடுத்த பக்கத்தில் செடி, அதற்கடுத்த பக்கத்தில் காய். புரட்டுகிற நொடியில் மூன்று மாதம் போய்விடுகிறது. எரிக் கார்ல் 1970-இல் வெளியிட்ட ‘சின்னஞ்சிறு விதை’ ஓர் ஆண்டு முழுவதையும் சில பக்கங்களில் முடித்துவிடும். ரூத் கிராஸ் எழுதி 1945-இல் வந்த ‘கேரட் விதை’ கொஞ்சம் பரவாயில்லை. முளைக்காது முளைக்காது என்று வீட்டார் எல்லாரும் சொல்ல, சிறுவன் தண்ணீர் ஊற்றிக்கொண்டே காத்திருப்பதுதான் கதையே. என்றாலும் காத்திருப்பதைப் படிப்பது வேறு, காத்திருப்பது வேறு. செயல்பாடு என்று எதைச் செய்தாலும், புத்தகம் விழுங்கிய நாட்களைப் பிள்ளைக்குத் திருப்பித் தருவதாக அது இருக்க வேண்டும். வண்ணம் அடிக்கிற தாளும் காகிதப் பூவும் அழகானவை. ஆனால் அவை இந்த வேலையைச் செய்வதில்லை.

இந்த வேலைக்குக் காராமணியை மிஞ்சிய ஆள் இல்லை. இரவு ஊறவைத்த விதைகளை, ஒரு கண்ணாடி டம்ளரில் ஈரமான டிஷ்யூ தாளுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் சொருகி வைக்க வேண்டும். ஊறிய விதை முதல் நாளே பருத்துச் சுருக்கம் நீங்கித் தோல் இறுகி நிற்கும். இரண்டாம் நாள் தழும்புப் பக்கத்தில் தோல் கிழிந்து வெள்ளையாய் ஒரு முனை எட்டிப் பார்க்கும். அதை இலை என்று பிள்ளைகள் நினைக்கும், அது வேர். விதையை எந்தப் பக்கம் திருப்பி வைத்திருந்தாலும் வேர் வளைந்து கீழேதான் போகும். மூன்று, நான்கு நாளில் தண்டு கூன் போட்டபடி வெளியே வந்து, பிறகு நிமிர்ந்து, இரண்டு பருப்பையும் தூக்கிக்கொண்டு மேலே வரும். பாடநூல் அவற்றை வித்திலை என்கிறது. பிள்ளைகள் கண்ணுக்கு அது ‘ரெண்டாப் பொளந்த பருப்பு’. அதுவும் சரியான விவரிப்பே. நாளாக ஆகப் பருப்பு சூம்பும், இலை பெரிதாகும். வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த சோறு தீர்ந்துபோன கதை.

வேர் நன்றாக நீண்டபின் டம்ளரைப் பக்கவாட்டில் படுக்கவைத்தால், அன்று மாலைக்குள் வேர் நுனி மறுபடி கீழ்நோக்கித் திரும்பியிருக்கும். வேர் நுனியில் உள்ள செல்களில் மாவுமணிகள் இருக்கின்றன. அவை கனத்தால் எந்தப் பக்கம் படிகின்றனவோ அதுவே வேருக்குக் கீழ்த்திசை. இங்கிலாந்தில் தாமஸ் நைட் என்பவர் 1806-இல் தன் தோட்டத்து ஓடையில் சுழலும் சக்கரத்தில் அவரை விதைகளைக் கட்டிச் சுற்றவிட்டார். வேர்கள் வெளிப்பக்கமாகவும் தண்டுகள் சக்கர மையத்தை நோக்கியும் வளர்ந்தன. அவர் செலவழித்தது ஒரு நீர்ச் சக்கரம். நமக்கு ஒரு டம்ளர் போதும்.

எண் எழுதத் தெரியாத பிள்ளையும் அளக்கலாம். தினமும் செடியின் உயரத்துக்கு ஒரு நூலை வெட்டி, சுவரில் ஒட்டிய தாளில் வரிசையாக ஒட்டிக்கொண்டே வந்தால் பத்து நாளில் படிக்கட்டு ஒன்று உருவாகும். வரைபடம் என்று சொல்லாமலே வரைபடம். ஒவ்வொரு நாளும் வரைந்த படத்தை வரிசையாகத் தைத்தால் பிள்ளையின் சொந்தப் படக்கதை தயார். இதில் புரட்டுகிற ஒவ்வொரு பக்கமும் ஒரு முழு நாள்.

மண்ணுக்கும் தண்ணீருக்கும் வரும்போது ஊர் உள்ளே நுழைகிறது. எண்ணூர், மணலி, திருவொற்றியூரில் கண்ட இடத்து மண்ணை அள்ளித் தொட்டியில் போடுவது சரியில்லை. அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த பகுதிகள் இருக்கின்றன; 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெய் பரவிய கரைகள் இருக்கின்றன; ஈயம் கலந்த பெட்ரோல் 2000-இல் நின்றாலும், அதற்கு முன் சாலையோரம் படிந்த ஈயம் மண்ணைவிட்டு எளிதில் போவதில்லை. கையை வாயில் வைக்கிற வயதுப் பிள்ளைகளுக்கு நர்சரியில் வாங்கிய செம்மண், தேங்காய் நார்த்தூள், மண்புழு உரம் கலந்த கலவைதான் நல்லது. தோண்டல் விளையாட்டுக்கும் அப்படித்தான்: கட்டுமானக் கடையில் வாங்கிக் கழுவிய மணல். செடி வைக்க, அடியில் ஓட்டை போட்ட எண்ணெய் கேன், தயிர் டப்பா, கொட்டாங்குச்சி எதுவும் ஆகும். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுவது விளையாட்டின் கடைசிப் பகுதி.

தண்ணீர்தான் இந்தப் பகுதிக்கே உரிய பாடம். மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடி நீரில் கடல் ஏறியது பல பத்தாண்டுகளாக ஆய்வாளர்கள் எழுதிவருகிற செய்தி. காட்டுப்பள்ளியில் 2010-இல் தொடங்கிய ஆலை கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் அளவில் கட்டப்பட்டது. குடத்தோடு லாரிக்குக் காத்து நின்ற வீட்டுப் பிள்ளைக்குத் தண்ணீரில் வகை உண்டு என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். மூன்று டம்ளர் காராமணி: ஒன்றுக்குக் குடிக்கிற தண்ணீர், ஒன்றுக்குக் கால் டீஸ்பூன் உப்பு கலந்தது, ஒன்றுக்கு ஒரு டீஸ்பூன் கலந்தது. முதலாவது முளைக்கும், இரண்டாவது தயங்கும், மூன்றாவது பெரும்பாலும் கிடந்தபடியே கிடக்கும். உப்பு தண்ணீரைத் தன்னிடமே பிடித்துவைத்துக்கொள்வதால், சுற்றிலும் தண்ணீர் நின்றும் விதையால் வேண்டிய அளவு குடிக்க முடிவதில்லை. போர் தண்ணீர் ஊற்றினால் செடி ஏன் கருகுகிறது என்ற வீட்டுப் புகாருக்கும் பாதி விடை இந்த மூன்றாவது டம்ளரில் இருக்கிறது.

இதற்கு நேர் எதிரான செடியும் பக்கத்திலேயே இருக்கிறது. எண்ணூர்க் குப்பங்களின் மணலில் ஊதா நிறப் பூவோடு படரும் அடம்பங்கொடியின் விதை, கடலில் மிதந்து போய் வேறு கரையில் முளைக்கும். கொடி மணலைப் பிடித்துவைக்கும். யாரும் நட்டதில்லை, யாரும் தண்ணீர் ஊற்றியதில்லை. பிள்ளைகளைக் கரைக்கு அழைத்துப் போய் ஓர் இலையைத் தாளில் வைத்து வரைந்துவரச் செய்தால், நடுவில் பிளந்த அந்த ஆட்டுக்குளம்பு வடிவம் மறக்காது.

இலையைத் துடைப்பதும் ஒரு செயல்பாடுதான். ராயபுரம் வீடுகளின் பால்கனியில் கரித்தூள் துடைத்த தலைமுறை இன்னும் இருக்கிறது. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி கையாள்வதை நிறுத்தச் சொல்லி உயர்நீதிமன்றம் 2011-இல் உத்தரவிட்டபின் கரி எண்ணூருக்குப் போனது. வெள்ளைத் துணியை நனைத்து ஓர் இலையின் மேல்பக்கத்தைத் துடைத்தால் துணியில் என்ன வருகிறது என்று பிள்ளை பார்க்கட்டும். ஒரே செடியில் துடைத்த இலையும் துடைக்காத இலையும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால், தூசி மூடிய இலைக்கு வெளிச்சம் குறைவாகக் கிடைக்கும் என்பது சொல்லாமலே விளங்கும்.

இந்த வயதுப் பிள்ளைகளுக்குச் செடி உயிருள்ளதா என்பதே சந்தேகம். நகர்வதுதான் உயிர் என்று அவர்கள் நினைப்பதை ஜீன் பியாஜே 1920-களிலேயே எழுதினார். பின்னால் வந்தவர்கள் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் கூடுதல் மதிப்பெண் போட்டார்கள். ஆன் ஹிக்லிங், சூசன் கெல்மன் இருவரும் 1995-இல் விதைகளைப் பற்றிக் கேட்டபோது, நாலரை வயதுப் பிள்ளைகள் விதை வளர்வதற்கு யாருடைய விருப்பமும் காரணமல்ல, வெயில் மழை போன்றவைதான் காரணம் என்று தெளிவாகவே சொன்னார்கள். ஜப்பானில் காயோகோ இனாகாகி 1990-இல் கண்டது இன்னும் சுவையானது. வீட்டில் தங்கமீன் வளர்த்த ஐந்து வயதுப் பிள்ளைகள், வளர்க்காதவர்களைவிடத் தவளையைப் பற்றிய கேள்விகளுக்கும் நன்றாக விடை சொன்னார்கள். ஒன்றை வளர்த்த அனுபவம் இன்னொன்றை ஊகிக்க உதவியது. அவரும் கியூ ஹதானோவும் இன்னொன்றையும் கவனித்தார்கள்: தெரியாத உயிரைப் பற்றிக் கேட்டால் பிள்ளைகள் தங்களையே அளவுகோலாக வைத்துப் பதில் சொல்கின்றன. எனக்குத் தாகம் எடுக்கும், அதனால் செடிக்கும் எடுக்கும். இது வெறும் கற்பனை விளையாட்டு அல்ல, பெரும்பாலும் சரியான இடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஊகம் என்பது அவர்கள் கருத்து.

தமிழ் இதை எப்போதோ செய்துவிட்டது. தென்னையின் குழந்தை தென்னம்பிள்ளை, வாழைக்கும் மாவுக்கும் கன்று, நெல்லுக்கு நாற்று, பனைக்கு வடலி, விளாவுக்குக் குட்டி. இலையும் அப்படியே: கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு என்று வயதுக்கு வயது பெயர். டம்ளரில் நிற்கும் காராமணியை ‘செடி’ என்று விடாமல் ‘முளை விட்டிருக்கு, துளிர் வந்திருக்கு’ என்று பேசினால், ஒயிட்ஹர்ஸ்ட் சொன்ன அந்த ஒரு சொல் கூட்டுதல் தானாக நடந்துவிடும். சொல்லைக் கொடுத்தால்தான் கண் பிரித்துப் பார்க்கும். ‘வஞ்சிரம்’ என்ற சொல் தெரிந்த பிள்ளை வஞ்சிரத்தைப் பிரித்துப் பார்ப்பதுபோல.

திருவொற்றியூர்ப் பிள்ளைகளுக்கு இன்னொரு வாய்ப்பும் உண்டு. தியாகராஜசுவாமி கோயிலின் தலமரம் மகிழம். சுந்தரர் சங்கிலி நாச்சியாருக்குச் சத்தியம் செய்து கொடுத்தது மகிழ மரத்தடியில் என்பது கோயில் கதை. அதை மகிழடி சேவையாக இன்றும் கொண்டாடுகிறார்கள். காலையில் உதிர்ந்து கிடக்கும் மகிழம்பூவைப் பொறுக்கி நூலில் கோத்து வைத்தால், காய்ந்த பின்னும் மணக்கும். கதையில் சாட்சியாக நின்ற மரமும் படப்புத்தகத்தின் பாத்திரம்போலத்தான்.

குழந்தையையும் தோட்டத்தையும் சேர்ப்பது நேற்றைய யோசனை அல்ல. பிரெட்ரிக் ஃபிரோபெல் 1840-இல் தன் பள்ளிக்கு வைத்த ‘கிண்டர்கார்டன்’ என்ற பெயருக்கே குழந்தைகள் தோட்டம் என்று பொருள்; பிள்ளைக்கு ஒரு சிறு பாத்தி சொந்தமாக இருந்தது. 1939-இல் அடையாறுக்கு வந்த மரியா மாண்டிசோரியும், போர்க்கால ஆண்டுகள் சிலவற்றைக் கொடைக்கானலில் கழித்தபோது, செடியையும் உயிர்களையும் வைத்தே பிள்ளைகளோடு வேலை செய்தார். ‘கிண்டர்கார்டன்’ என்ற பெயரைப் பலகையில் எழுதிக்கொண்டு, முற்றத்துக்குச் சிமென்ட் பூசிவிட்ட பள்ளிகளைப் பற்றி இங்கே பேசாமல் விடுவது நல்லது.

புத்தகத்துக்குப் பணம் ஒரு பெரிய தடையில்லை. பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தின் கதைகளை இலவசமாக இறக்கி அச்சிட்டுக்கொள்ள உரிமம் அனுமதிக்கிறது. தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித்துறையின் வாசிப்பு இயக்கத்தில் ‘நுழை, நட, ஓடு, பற’ என்று நான்கு படிநிலைகளில் சின்னச் சின்னப் புத்தகங்கள் அரசுப் பள்ளிகளுக்கு வந்திருக்கின்றன. போனில் காட்டுவதைவிடத் தாளில் அச்சிட்டுக் காட்டுவது மேல். போனில் அடுத்த பக்கத்துக்கு விரல் தானாகப் போய்விடும், ஊகிக்க விடாது.

எல்லா விதையும் முளைக்காது. விடுமுறையில் தண்ணீர் இல்லாமல் ஒன்றிரண்டு காயும், ஒன்று பூஞ்சை பிடித்து நாறும். பெரியவர்கள் அதை யாரும் பார்க்காமல் எடுத்துவிட்டு வேறு விதையைச் சொருகிவிடுவது உண்டு. அப்படிச் செய்ய வேண்டாம். அழுகிய விதையையும் மேஜைமேல் வைத்து ஏன் இப்படி ஆயிற்று என்று கேட்டால், அன்றைய பேச்சு மற்ற நாட்களைவிட நீளமாக இருக்கும். கால் கிலோ காராமணியில் ஆயிரத்துக்கு மேல் விதை இருக்கிறது.